பாட்டிக்கு ஒரு பேருந்துச் செயலி

பேருந்து நிறுத்தத்தில் நின்று திறன்பேசியைப் பார்க்கிறீர்கள். அடுத்த பேருந்து 3 நிமிடத்தில் வரும் என்கிறது திரை. அந்த 3 எங்கிருந்து வந்தது?

ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தில் உள்ள கருவி, செயற்கைக்கோள்களின் உதவியால் தன் இடத்தைக் கணித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அது எப்போது வரும் என்று மையக் கணினி கணக்கிடுகிறது. சிங்கப்பூரில் இந்தக் கணக்கின் விடையை நிலப் போக்குவரத்து ஆணையம் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. ‘டேட்டாமால்’ என்ற தன் தரவுத்தளம் வழியாக, பதிவு செய்துகொள்ளும் எவருக்கும் இலவசமாகத் தருகிறது. நீங்கள் பயன்படுத்தும் பேருந்துச் செயலிகள் பலவும் இதே ஊற்றிலிருந்துதான் தண்ணீர் எடுக்கின்றன.

அப்படியானால் நீங்களும் எடுக்கலாம். உயர்நிலை 3 மாணவர்கள் மூவர், ஜூன் விடுமுறையில் மாலை நேரங்களை ஒதுக்கினால், சிறிய பேருந்துச் செயலி ஒன்றைச் செய்துவிட முடியும். இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது. எந்த நிரல் மொழியையும் இங்கே கற்றுத் தரப் போவதில்லை. அதற்கு நூல்களும் காணொளிகளும் ஏராளம். நிரல் எழுத உட்காருமுன் யோசிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். பெரும்பாலான செயலிகள் தோற்பது அங்கேதான்.

முதலில் எதை விடுவது?

கேரோசல் செயலியை உங்கள் வீட்டில் யாராவது பயன்படுத்தியிருப்பார்கள். அதைத் தொடங்கிய குவெக் சியூ ருய், லூக்கஸ் ஙூ, மார்க்கஸ் டான் மூவரும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர்கள். 2012 மார்ச்சில், ஒரு வார இறுதியில் 54 மணி நேரத்துக்குள் ஒரு திட்டத்தை உருவாக்கிக் காட்ட வேண்டிய போட்டியில் கலந்துகொண்டு வென்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் செயலி வெளிவந்தது.

அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய பொருள்களை இணையத்தில் விற்பது அப்போதே இருந்தது. ஆனால் கேமராவில் படம் எடுத்து, கணினிக்கு மாற்றி, அளவைக் குறைத்து, பிறகு இணையத்தளத்தில் ஏற்றி, விவரங்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். அவர்கள் செய்தது, இந்தப் படிகளில் பலவற்றை வெட்டி எறிந்தது. படம் எடு, விலை போடு, வெளியிடு. எல்லாம் கையில் இருக்கும் திறன்பேசியிலேயே.

இன்ஸ்டகிராமின் கதை இன்னும் கடுமையானது. கெவின் சிஸ்ட்ரம் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே இரவுகளில் நிரலாக்கம் பழகி, ‘பர்பன்’ என்ற செயலியை எழுதினார். இருக்கும் இடத்தைப் பதிவு செய்யலாம், நண்பர்களோடு திட்டம் போடலாம், புள்ளிகள் சேர்க்கலாம், படமும் போடலாம். எல்லாம் இருந்ததாலேயே எதற்காக என்று யாருக்கும் புரியவில்லை. அவரும் மைக் கிரீகரும் உட்கார்ந்து, மக்கள் உண்மையில் எதைத் தொடுகிறார்கள் என்று பார்த்தார்கள். படங்களைத்தான். படம், கருத்து, விருப்பம் ஆகிய மூன்றைத் தவிர மற்ற அனைத்தையும் அழித்தார்கள். 2010 அக்டோபர் 6ஆம் தேதி வெளியான இன்ஸ்டகிராமில் முதல் நாளே சுமார் 25,000 பேர் சேர்ந்தார்கள்.

உங்கள் செயலிக்கு 25,000 பேர் வர வேண்டியதில்லை. ஒருவர் போதும் என்பேன். ஆனால் அந்த ஒருவர் யார் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ‘எல்லாருக்குமான செயலி’ என்று தொடங்கும் குழுக்கள் பாதியில் நிற்பதை நிறையப் பார்க்கலாம்.

இந்தப் பாடத்துக்கு நாம் ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலி. வாரத்தில் மூன்று நாள் தேக்கா சந்தைக்குப் போகிறவர். தமிழ் நன்றாகப் படிப்பார். சிறிய ஆங்கில எழுத்துகள் அவருக்கு ஆகாது. இருக்கும் செயலிகளில் வரைபடம், விளம்பரம், பிடித்தவை, தேடல் என்று திரை நிறைந்திருக்கிறது. பாட்டிக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: “என் பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும்?” ஒரு திரை, பெரிய தமிழ் எழுத்து, மூன்று பேருந்து எண்கள். அவ்வளவுதான் நம் செயலி.

தரவு என்ன சொல்கிறது?

ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. நிறுத்தக் கம்பத்திலேயே அதைப் பார்க்கலாம். உங்கள் நிரல் அந்த எண்ணை டேட்டாமாலுக்கு அனுப்பிக் கேட்டால், ‘ஜேசன்’ என்னும் வடிவில் எழுதப்பட்ட பதில் வரும். இப்படி ஒரு நிரல் இன்னொரு கணினியிடம் ஒழுங்காகக் கேட்டுப் பதில் பெறும் வாயிலைத்தான் ஏபிஐ என்கிறார்கள்.

பதிலில் ஒவ்வொரு சேவைக்கும் அடுத்து வரும் மூன்று பேருந்துகளின் விவரம் இருக்கும். வந்துசேரும் நேரம், பேருந்து இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகை, இருக்கை காலியா அல்லது நிற்க மட்டும் இடமா என்ற குறி, சக்கர நாற்காலி ஏறுமா என்ற குறி, ஒற்றைத் தளமா இரட்டைத் தளமா என்ற குறி எல்லாம் உண்டு. பாட்டிக்கு இருக்கை பற்றிய குறி பயன்படும். முழங்கால் வலிக்காரருக்கு, 3 நிமிடத்தில் வரும் நெரிசலான பேருந்தைவிட 9 நிமிடத்தில் வரும் காலியான பேருந்து மேல்.

நேரத்தைக் கவனியுங்கள். “இன்னும் 3 நிமிடம்” என்று பதிலில் இருக்காது. பேருந்து வரும் தேதியும் மணியும், கடைசியில் +08:00 என்ற குறியும் இருக்கும். நிமிடத்தை நீங்கள்தான் கணக்கிட வேண்டும். பேருந்து வருவது 16:41:48. இப்போது 16:38:30. இடைவெளி 198 விநாடி. அறுபதால் வகுத்தால் 3.3.

சின்னக் கழித்தல்தானே என்று நினைக்கலாம். இதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது அந்த +08:00. உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னே என்பது அதன் பொருள். சிலர் நிரல் எழுதும்போது இந்தக் குறியை வெட்டிவிட்டு மணியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பாட்டி சென்னைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார், அவருடைய திறன்பேசி இன்னும் இந்திய நேரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 14:08:30 என்று காட்டும். உங்கள் செயலி 153 நிமிடம் என்று சொல்லும். பாட்டி வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இரண்டாவது, திறன்பேசியின் கடிகாரமே தவறாக இருப்பது. தாமதமாகிவிடக் கூடாது என்று கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்கும் பெரியவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய கருவியில் 198 விநாடி என்பது எதிர்ம எண்ணாகிவிடும். தீர்வு இருக்கிறது. இணையத்தில் ஒரு பரிமாறிக் கணினி பதில் அனுப்பும்போது, பதிலின் தலைப்பகுதியில் தன்னுடைய நேரத்தையும் குறிப்பது வழக்கம். கைக்கருவியின் கடிகாரத்தை விட்டுவிட்டு அந்த நேரத்திலிருந்து கழித்தால் சிக்கல் இல்லை.

மூன்றாவது பள்ளம் எனக்கு மிகவும் பிடித்தது. மீதி 1 நிமிடம் 50 விநாடி என்று வருகிறது. திரையில் 1 என்று காட்டுவீர்களா, 2 என்று காட்டுவீர்களா? கணித வகுப்பில் கற்ற முழுமையாக்கும் விதி 2 என்று சொல்லும். பாட்டியை நினைத்துப் பாருங்கள். 2 என்று காட்டினால் அவர் அந்த இரண்டு நிமிடத்தையும் நம்பி மெதுவாக நடப்பார். பத்து விநாடியில் பேருந்தைத் தவறவிட்டு அடுத்ததற்குப் பதினைந்து நிமிடம் நிற்பார். 1 என்று காட்டினால் நஷ்டம், நிறுத்தத்தில் 50 விநாடி கூடுதலாகக் காத்திருப்பது மட்டுமே. இரண்டும் பிழைகள்தாம், ஆனால் ஒன்று மலிவானது, இன்னொன்று விலை உயர்ந்தது. அதனால் எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும். பாடநூல் விதியைவிட, யாருக்காகக் கணக்குப் போடுகிறோம் என்பது இங்கே முன்னால் நிற்கிறது.

தெரியாததைத் தெரியாது என்று காட்டுதல்

அதே பதிலில் இன்னொரு சிறு குறியும் உண்டு. அதன் மதிப்பு 1 என்றால், வரும் நேரம் பேருந்தின் உண்மையான இடத்தை வைத்துக் கணிக்கப்பட்டது. 0 என்றால், பேருந்து இன்னும் கண்காணிப்பில் இல்லை. அட்டவணையை வைத்துச் சொல்லப்பட்ட நேரம் அது. முதலாவது ஓர் அளவீடு. இரண்டாவது ஓர் எதிர்பார்ப்பு. இரண்டையும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், 7 என்று காட்டினால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

அறிவியல் வகுப்பில் அளவீட்டோடு பிழை வரம்பையும் எழுதச் சொல்வார்கள் அல்லவா? அதேதான் இங்கும். அட்டவணையிலிருந்து வந்த எண்ணை மங்கலான நிறத்தில் காட்டி, பக்கத்தில் ‘சுமார்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். இணையம் துண்டிக்கப்பட்டு ஐந்து நிமிடத்துக்கு முந்தைய எண் திரையில் தேங்கி நின்றால், அதை நீக்கிவிட்டு ‘தகவல் வரவில்லை’ என்று காட்டுங்கள். வெற்றுத் திரை அழகாக இருக்காதுதான். ஆனால் பழைய எண்ணை நம்பி மழையில் இறங்கி நடப்பவர், உங்கள் செயலியை மறுபடி திறக்க மாட்டார்.

தமிழ் எழுத்தை வெட்டினால்

நிறுத்தங்களின் பெயர்கள் தரவில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதிலும் சுருக்கங்கள்: எதிரே என்பதற்கு ‘ஆப்’, முன்னால் என்பதற்கு ‘பெஃப்’, அடுத்து என்பதற்கு ‘ஆஃப்ட்’. சொல்லுக்குச் சொல் மாற்றும் நிரலை எழுதினால், “எதிரே புளோக் 210” என்று வரும். தமிழில் இடம் முன்னும், எதிரே பின்னும் வர வேண்டும்: “புளோக் 210 எதிரே.” ஆகவே நிரல் முதலில் பெயரை இரண்டு துண்டாக்கி, இடம் மாற்றி அடுக்க வேண்டும். ஒரு மொழியின் வாக்கிய அமைப்பு இப்படி நான்கு வரி நிரலாக மாறுவதைப் பார்ப்பது சுவையான அனுபவம்.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. ‘பேருந்து’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பே, ரு, ந், து: நான்கு என்பீர்கள். கணினியைக் கேட்டால் எட்டு என்று சொல்லக்கூடும். யூனிகோட் முறையில் ப ஒரு குறி, ஏகாரத்தின் கொம்பு ஒரு குறி, ர ஒன்று, உகரம் ஒன்று, ந ஒன்று, புள்ளி ஒன்று, த ஒன்று, உகரம் ஒன்று. பெயர் நீளமாக இருக்கிறதே என்று முதல் ஐந்து குறிகளோடு வெட்டினால், திரையில் ‘பேருந’ என்று புள்ளி இழந்த ஒரு சொல் நிற்கும். அச்சுப்பிழை என்று பாட்டி சிரிப்பார். உண்மையில் அது எண்ணிக்கைப் பிழை. முழு எழுத்தாக எண்ணும் வசதி இன்றைய நிரல் மொழிகள் பலவற்றில் இருக்கிறது. அதைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

பித்தாகரஸ் வரும் இடம்

அருகிலுள்ள நிறுத்தத்தைச் செயலியே கண்டுபிடித்தால் நன்றாக இருக்குமே என்று உங்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார். எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

சிங்கப்பூரில் 5,000க்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் உள்ளன. டேட்டாமால் ஒரு தடவைக்கு 500 நிறுத்தங்களின் பட்டியலைத்தான் தரும். பதினோரு முறையாவது கேட்டு, எல்லாவற்றையும் செயலியில் சேமித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும். நீங்கள் நிற்கும் இடம் 1.3521, 103.8198. ஒரு நிறுத்தம் 1.3539, 103.8222. வேறுபாடுகள் 0.0018 பாகை, 0.0024 பாகை. பித்தாகரஸ் தேற்றப்படி கர்ணம் 0.0030 பாகை. உங்களுக்குப் பழகிய 3, 4, 5 முக்கோணத்தின் உறவுதான் இது. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், தூரம் சுமார் 333 மீட்டர்.

பூமி உருண்டையாயிற்றே, தட்டையான முக்கோணக் கணக்கு எப்படிச் சரியாகும் என்று கேட்டால் அது நல்ல கேள்வி. சில நூறு மீட்டர் தூரத்தில் வளைவு கணக்கில் வராது. அதோடு நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். தீர்க்கரேகைக் கோடுகள் துருவங்களை நோக்கிப் போகப்போக நெருங்குகின்றன; நெருங்கும் அளவு அட்சரேகையின் கோசைன். சிங்கப்பூரில் அது 0.9997, அதாவது ஒன்றேதான். லண்டனில் சுமார் 0.62. அங்கே ஒரு தீர்க்கரேகைப் பாகை ஏறத்தாழ 69 கிலோமீட்டர் மட்டுமே. இதே நிரலை மாற்றாமல் லண்டனுக்குக் கொண்டுபோனால் கிழக்கு மேற்குத் தூரங்கள் எல்லாம் பிசகும்.

ஒரு சிக்கனமும் உண்டு. எந்த நிறுத்தம் அருகில் என்று ஒப்பிட மட்டும் வர்க்கமூலம் தேவையில்லை. வர்க்கங்களின் கூட்டுத்தொகையில் சிறியது எதுவோ அதுவே அருகிலுள்ளது. ஐயாயிரம் வர்க்கமூலங்கள் மிச்சம்.

இவ்வளவும் கற்ற பிறகு, முதல் பதிப்பில் இந்த வசதியை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டி தினமும் போவது ஒரே நிறுத்தத்துக்கு. ஒரு தடவை பேரனோ பேத்தியோ ஐந்து இலக்க எண்ணைப் பதிந்து கொடுத்தால் போதும். மேலும், இடங்காட்டி சில மீட்டர் பிசகினால் சாலையின் எதிர்ப்பக்க நிறுத்தம் ‘அருகில்’ ஆகிவிடும். பேருந்து எண் அதுவே, திசை மட்டும் நேர் எதிர்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய சொந்தத் தகவல். அவர் எப்போது வீட்டில் இல்லை, எந்த மருத்துவமனைக்குப் போகிறார் என்பதெல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும். சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இலும் மலேசியாவில் 2010இலும் இயற்றப்பட்டன. மூன்று மாணவர்கள் அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டிய தேவை என்ன? கேட்காத தகவல் உங்களிடமிருந்து கசிய முடியாது. பின்னால் ஒரு பதிப்பில் அந்த வசதி வந்தே ஆக வேண்டுமென்றால், கணக்கை முழுவதும் பயனரின் கைக்கருவியிலேயே செய்யுங்கள். இடத்தை எங்கும் அனுப்பாதீர்கள், சேமிக்காதீர்கள்.

சாவியை எங்கே வைப்பது?

டேட்டாமாலில் பதிந்தவுடன் உங்கள் குழுவுக்கு நீண்ட எழுத்துச் சரம் ஒன்று தருவார்கள். அதுதான் சாவி. ஒவ்வொரு கேள்வியோடும் அதை அனுப்ப வேண்டும். புதியவர்கள் அதை நேரே செயலியின் நிரலுக்குள் எழுதிவிடுகிறார்கள். செயலியைப் பதிவிறக்கும் எவரும், கொஞ்சம் முயன்றால் அதைப் பிரித்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம்.

நிரலைக் கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியத்தில் வைத்தால் ஆபத்து இன்னும் அதிகம். அங்கே சாவிகளைத் தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் உண்டு. தவறுதலாக வைத்துவிட்டு மறுநாள் அழித்தாலும் பயனில்லை. பழைய பதிப்புகளை எல்லாம் நினைவில் வைத்திருப்பதுதானே கிட்டின் வேலை! அப்படி நேர்ந்தால் பழைய சாவியை ரத்து செய்து புதியது வாங்குவதே வழி.

நடுவில் ஒரு சிறு பரிமாறியை வைப்பது நல்ல முறை. செயலி அதனிடம் கேட்கும். அது டேட்டாமாலிடம் கேட்கும். சாவி பரிமாறியில் மட்டும் இருக்கும். இதில் இன்னொரு ஆதாயமும் கிடைக்கிறது. வருகை நேரம் 20 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 60 பேர் 10 நிறுத்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொருவரும் நேரடியாகக் கேட்கும்போது நிமிடத்துக்கு 180 கேள்விகள். பரிமாறி ஒவ்வொரு நிறுத்தத்தையும் 20 விநாடிக்கு ஒருமுறை கேட்டு, விடையை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்தால் நிமிடத்துக்கு 30. பயனர் 600 பேர் ஆனாலும், நிறுத்தங்கள் அதே பத்தென்றால், அதே 30தான்.

மலேசியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கேயும் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில், கோலாலம்பூர், பினாங்கு ரேபிட் பேருந்துகளும் கேடிஎம் ரயில்களும் இருக்கும் இடம் கிடைக்கிறது. ஆனால் கிடைப்பது இடம், வந்துசேரும் நேரமல்ல. பாதையின் நீளத்தையும் வேகத்தையும் வைத்து நேரத்தை நீங்களே ஊகிக்க வேண்டும். கடினமான வேலை. அதனாலேயே கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

மூவர், ஏன் அறுவர் இல்லை?

வகுப்பில் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொள்கிறோம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைப்புகள், பேர் எண்ணிக்கையை ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும். மூவருக்கு 3. அறுவருக்கு 15. பத்துப் பேருக்கு 45. ஆட்கள் இரட்டிப்பாகும்போது பேச்சு ஐந்து மடங்காகிறது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று பிரெட் புரூக்ஸ் என்ற கணினி அறிஞர் 1975இலேயே எழுதினார்.

மூவரில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் பரிமாறியை, ஒருவர் தமிழ்ப் பெயர்களையும் சோதனையையும். சோதனை செய்பவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் வேண்டாம். மேலே சொன்ன மூன்று பள்ளங்களையும் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர்தான். முதல் நாளே, பரிமாறி எந்த வடிவில் விடை கொடுக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் ஒப்புக்கொள்ளுங்கள். பரிமாறி தயாராகும் வரை, திரையைச் செய்பவர் அதே வடிவில் பொய்த் தரவை வைத்து வேலையைத் தொடரலாம். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை.

நிரலை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘கடைசிப் பதிப்பு’, ‘உண்மையான கடைசிப் பதிப்பு’ என்று பெயர் வைக்காதீர்கள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று அது காட்டும். இருவர் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றினால், தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நிறுத்தி, “நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்” என்பதுபோல் இரண்டையும் முன்னால் வைக்கும்.

பேச வேண்டிய வேறு சிலவும் உண்டு. நிரல் யாருக்குச் சொந்தம்? ஒருவர் விலகினால் அவர் எழுதிய பகுதி என்ன ஆகும்? கணக்கின் கடவுச்சொல் யாரிடம்? தேர்வு மாதத்தில் யார் கவனிப்பது? இவற்றை நட்பு நன்றாக இருக்கும்போதே அரைப் பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று தோன்றும். செயலி கைவிடப்படுவதைவிட, அதன் காரணமாக இருவர் பேசிக்கொள்ளாமல் போவதுதான் பெரிய இழப்பு. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமத்தின் கீழ் நிரலை வெளியிட்டுவிட்டால் சொந்தம் பற்றிய கேள்வியில் பாதி கரைந்துவிடும்.

கடைக்குப் போகுமுன்

ஆப்பிளின் செயலிக் கடையில் வைக்க ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். கூகல் பிளேயில் ஒரு தடவை 25 டாலர். இரண்டிலும் கணக்குத் திறக்கப் பெரியவராக இருக்க வேண்டும். ஆகவே பெற்றோர் அல்லது ஆசிரியரின் உதவி தேவை. புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர்கள், குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவில் வெளியிட கூகல் அனுமதிக்கிறது. இதைத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நல்ல விதியாகவே படுகிறது. செலவே வேண்டாமென்றால் இணையப் பக்கமாகச் செய்து, அதன் சின்னத்தைப் பாட்டியின் முகப்புத் திரையில் பொருத்திவிடலாம். முதல் பதிப்புக்கு அதுவே போதும்.

சோதிக்கும் முறை முக்கியம். திறன்பேசியைப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். “அங்கே இல்லை பாட்டி, இங்கே அமுக்குங்க” என்று சொன்ன நொடியில் சோதனை முடிந்துவிட்டது. அவர் எங்கே தயங்குகிறார், எதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடுகிறார், வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரசித்துச் செய்த பொத்தான் ஒன்றை அவர் கடைசிவரை தொடாமல் இருக்கலாம். அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடுங்கள்.

வெளியிட்ட பிறகும் வேலை இருக்கும். சேவைகள் மாறும், நிறுத்தங்கள் இடம் பெயரும், டேட்டாமாலின் பதில் வடிவமே மாறும். பேருந்து வருகைச் சேவை இப்போது மூன்றாம் பதிப்பில் உள்ளது. பழைய வடிவத்தையே நம்பியிருக்கும் செயலி ஒருநாள் காலை பதில் சொல்லாமல் நின்றுவிடும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பார்ப்பது யார் முறை என்பதையும் அந்த அரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

நிரல் எதுவும் எழுதாமல் இந்த வாரமே தொடங்கக்கூடிய வேலை இது. உங்கள் வீட்டு அருகிலுள்ள நிறுத்தத்தில், இப்போது நீங்கள் பயன்படுத்தும் செயலியைத் திறந்து, அது ‘5 நிமிடம்’ என்று காட்டத் தொடங்கும் நொடியைக் குறியுங்கள். பேருந்து உண்மையில் வந்து நிற்கும் நொடியையும் குறியுங்கள். காலை நெரிசலில் பத்து, மதியத்தில் பத்து என்று இருபது பேருந்துகளுக்கு இப்படிச் செய்யுங்கள். மூவர் என்றால் ஆளுக்கு ஏழு.

ஒவ்வொன்றிலும் வந்த நேரத்துக்கும் சொன்ன நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விநாடியில் எழுதுங்கள். தாமதமானால் நேர்மம், முந்தி வந்தால் எதிர்மம். சராசரியைக் கண்டுபிடியுங்கள். பிறகு சராசரியை ஒதுக்கி வைத்துவிட்டு, மிக அதிகமாக முந்தி வந்த பேருந்தைத் தேடுங்கள். பாட்டி தவறவிட்டிருக்கக்கூடியது அதைத்தான். அது 40 விநாடி முந்தி வந்திருந்தால், உங்கள் செயலி காட்டும் நேரத்திலிருந்து எத்தனை விநாடியைக் கழித்துக்கொள்ள வேண்டும்? அதிகம் கழித்தால் ஒவ்வொரு முறையும் பாட்டி கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் மறவாமல், மூவரும் ஓர் எண்ணுக்கு வாருங்கள்.